கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்

பந்துவீச்சு என்றதும் நம்மவர் மனம் கிரிக்கெட்டை நோக்கி ஓடிவிடுகிறது. நாம் பேசவிருப்பது அமெரிக்கர்களின் பத்துப் பின் பௌலிங் பற்றி. அதில் எந்தப் பந்தைத் தேர்வது என்ற கேள்விக்குக் கடைக்காரரிடம் ஒரு விடையும் பழைய ஆட்டக்காரரிடம் வேறொரு விடையும் உண்டு. இரண்டையும் அப்படியே ஏற்க நமக்கு மனமில்லை.

ஃபவுல் கோட்டிலிருந்து முதல் பின் வரை தளத்தின் நீளம் 60 அடி. அகலம் 39 பலகை. இன்று செயற்கைத் தளங்களே மிகுதி என்றாலும் பலகைக் கணக்கு மாறவில்லை. இத்தளத்தின் முற்பகுதியில் எண்ணெய் பூசுகிறார்கள். மரத்தைத் தேய்மானத்திலிருந்து காக்க வந்த எண்ணெய், நாளடைவில் ஆட்டத்தையே தீர்மானிக்கும் பொருளாகிவிட்டது. எண்ணெய் மீது பந்து வழுக்கும். எண்ணெய் தீர்ந்த இடத்தில் தரையைப் பற்றித் திரும்பும். ஆனால் அது எங்கே தடித்திருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்பது கண்ணுக்குப் புலப்படாது. பந்து போகும் போக்கைக் கொண்டே ஊகிக்க வேண்டும். வாசிப்பில் பழகியவர்களுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

பந்தின் எடையைவிட அதன் மேல்தோலே இங்கு முக்கியம். பாலியெஸ்டர் பந்து எண்ணெயையும் வறட்சியையும் ஏறக்குறைய ஒன்றுபோல் கடந்து நேராகச் செல்லும். 1980களின் தொடக்கத்தில் வந்த யூரத்தேன், சீராக வளைந்து போகும். 1990களின் தொடக்கத்தில் வந்த ரியாக்டிவ் ரெசினோ எண்ணெயை உறிஞ்சிக்கொண்டு, வறண்ட பகுதியில் சட்டென்று திரும்பும். நீண்ட, கனத்த எண்ணெய்ப் பூச்சுக்குச் சொரசொரப்பாகத் தேய்த்த ரியாக்டிவ் பந்து ஏற்றது. பூச்சு குட்டையானால் அதே பந்து கட்டுக்கடங்காமல் திரும்பும். அங்கே யூரத்தேனின் நிதானம் கைகொடுக்கும்.

பழைய ஆட்டக்காரரின் புலம்பல் நாம் அறிந்ததே: அந்தக் காலத்தில் கைதான் ஆடியது, இன்று பந்து ஆடுகிறது. வரலாறு இதற்கு ஒத்துழைக்கவில்லை. 1973இல் டான் மெக்கியூன் பிளாஸ்டிக் பந்தைக் கரைப்பானில் ஊறவைத்து மென்மையாக்கி ஆடினார். அவ்வாண்டு ஆறு பட்டங்களை வென்று தொழில்முறை ஆட்டக்காரர்களில் ஆண்டின் சிறந்தவராகத் தேர்வானார். அதன் பிறகே பந்தின் கடினத்தன்மைக்கு விதிகள் பிறந்தன. கைக்கும் பந்துக்குமான வழக்கு அவ்வளவு பழையது.

கடைக்காரரின் விடை இதனினும் ஆபத்தானது. ஒவ்வொரு தளத்துக்கும் ஒரு பந்து, ஆகவே ஆறு பந்து என்கிறார் அவர். தொழில்முறைப் போட்டியாளருக்கு அது பொருந்தும். வார நாளில் ஊர்க் கூடத்தில் ஆடுபவருக்கு? அங்கே பூசப்படுவது பெரும்பாலும் நடுவில் கனத்தும் ஓரங்களில் மெலிந்தும் இருக்கும் சலுகைப் பூச்சு. வலக்கைக்காரர் வெளியே தவறவிட்ட பந்தை வறண்ட ஓரம் திருப்பி அனுப்பும். உள்ளே தவறியதை எண்ணெய் வழுக்கவிட்டுத் தாங்கும். இந்தக் கருணையைத் தன் புதுப் பந்தின் திறமை என்று எண்ணி மேலும் ஒரு பந்துக்குப் பணம் கட்டுகிறவர்களைக் காண்கையில் நமக்கு வருத்தமே மிஞ்சுகிறது.

முதலில் மாற்ற வேண்டியது கால் நிற்கும் பலகையை. அடுத்து, ஆட்டம் தொடங்குமுன் தேய்ப்புத் தாளால் பந்தின் மேற்பரப்பை. பந்தையே மாற்றுவது அதற்கும் பிறகுதான். இரண்டாவது பந்து வாங்கியே தீர வேண்டுமெனில் மலிவான பாலியெஸ்டர் போதும். மூலையில் தனித்து நிற்கும் பின்னை வீழ்த்த நேராகச் செல்லும் பந்தைவிட நம்பகமானது வேறில்லை. மூன்றாம் ஆட்டத்தில், எல்லோரும் உருட்டிய தடத்தில் எண்ணெய் வற்றி, இடப்பக்கம் நகர்ந்தும் பந்து அடங்காதபோதுதான் பளபளப்பான, வலுக்குறைந்த மற்றொன்றைத் தேடலாம்.

கூடங்களின் உரிமையாளர்களிடம் நமக்கு ஒரு கோரிக்கை உண்டு. அன்றைய பூச்சின் நீளத்தையும் அளவையும் ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவையுங்கள். 40 அடி என்று கண்டால் 31ஐக் கழித்து, ஒன்பதாம் பலகையருகே பந்து திரும்பத் தொடங்கும் என்று எவரும் தோராயமாகக் கணக்கிட்டுக்கொள்வார்கள். அந்தக் கழித்தலுக்குக் கடைக்காரர் தேவையில்லை.