இந்திய நிலப்பட விதிகள்

இந்திய நிலப்பட விதிகள் என்பன இந்தியாவில் நிலப்படம் ஆக்குதலை நெறிப்படுத்தும் அரசு விதிகள் ஆகும். 2005 ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, இந்திய நில அளவைத் துறையின் நிலப்படங்களைப் பாதுகாப்பு வரிசை, திறந்த வரிசை என இரண்டாக வகுத்தது. 2021 பெப்ரவரி 15 அன்று வெளியான வழிகாட்டு நெறிகளின்படி, தடைசெய்யப்பட்ட சில விவரங்கள் நீங்கலாக, இந்தியர் முன் அனுமதியின்றி நிலப்படம் ஆக்கலாம். கிடைத்தளத்தில் 1 மீட்டர், உயரத்தில் 3 மீட்டர் என்னும் வரம்பைவிட நுண்ணிய நிலப்படங்களை ஆக்கும் உரிமை இந்தியருக்கு மட்டுமே உண்டு.

விருதுநகர் மாவட்டத்தின் அருப்புக்கோட்டை, திருச்சுழி வறண்ட பகுதிகளில் வேளாண்மை மழையையும் கண்மாய்களையும் நம்பியுள்ளது. இச்சமதரையில் வரத்துக்கால் பாயும் திசையை 3 மீட்டருக்கும் குறைந்த உயர வேறுபாடே முடிவு செய்யக்கூடும். ஆகவே நுண்ணிய நிலப்படம் இங்கு இன்றியமையாதது. எனினும் அது ஆக்கிரமிப்பைச் சுட்டிக்காட்டவே உதவும்; கண்மாயின் எல்லையைச் சட்டப்படி நிறுவ அரசின் நில ஆவணங்களும் புலப்படங்களுமே சான்றாகும்.