பழைய கைட் ஃபாயில் மலிவாகக் கிடைக்கிறதா? முன் இறக்கையின் அளவைப் பார்த்தீர்களா?

"அக்கா, பெங்களூரில் ஒருவர் தன்னுடைய பழைய கைட் ஃபாயிலைப் பாதி விலைக்குத் தருகிறேன் என்கிறார். நான் கற்றுக்கொள்ள ஆசைப்படுவது விங் ஃபாயில். வாங்கலாமா?"

இந்த வாரம் ஓசூர் சிப்காட் பக்கமிருந்து வந்த கேள்வி இது. கேட்டவர் சி.என்.சி. மெஷினில் வேலை பார்க்கிறார். எடை 72 கிலோ. ராமேஸ்வரத்தில் கைட் சர்ஃபிங் அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறார். விற்பவர் அனுப்பிய படத்தில், ஃபாயிலின் முன் இறக்கையில் '550' என்று எழுதியிருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த 550-ஐ விங் ஃபாயில் கற்க வாங்க வேண்டாம். சேமிப்பு மொத்தமும் அதில் போய்விடும், பலகை தண்ணீரைவிட்டு எழும்பாது. காரணத்தை நிதானமாகப் பார்ப்போம்.

ஃபாயில் என்பது என்ன?

நாம் நிற்கும் பலகைக்கு அடியில் ஒரு கம்பம். அதன் நுனியில் குட்டி விமானம் போல ஓர் அமைப்பு: முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சமநிலைக்குச் சின்ன இறக்கை. பலகை வேகம் எடுத்ததும் முன் இறக்கை நம்மைத் தூக்கிவிடும். அதன்பின் பலகை தண்ணீரைத் தொடாமல் மிதந்து போகும்.

ஓசூர் அருகே பேலகொண்டப்பள்ளி ஓடுதளத்திலிருந்து எழும்பும் சிறு விமானத்துக்கும் இதே தத்துவம்தான். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தி. அதனால்தான் ஒரு மீட்டர் நீளம்கூட இல்லாத இறக்கை ஒரு மனிதரைத் தூக்குகிறது.

முன் இறக்கையில் எழுதியிருக்கும் எண் பெரும்பாலும் அதன் பரப்பளவு, சதுர சென்டிமீட்டரில். ஏ4 தாள் ஒன்றின் பரப்பு சுமார் 624. அப்படியானால் அந்த 550 ஒரு ஏ4 தாளைவிடச் சிறியது.

கைட்டுக்குப் போதும், விங்குக்குப் போதாது

கைட் என்பது 20 மீட்டருக்கும் மேலான கயிற்றின் முனையில் பறக்கும் பெரிய பட்டம். உயரத்தில் வீசும் சீரான காற்றைப் பிடிக்கும். அங்குமிங்கும் வீசிப் பறக்கவிட்டால் இழுவை இன்னும் கூடும். நம்மை முன்னால் இழுப்பதோடு மேல்நோக்கியும் கொஞ்சம் தூக்கும். எனவே வேகம் சட்டென்று வந்துவிடும், இறக்கை சுமக்க வேண்டிய எடையும் குறையும். இதில் முன் இறக்கை பெரிதாக இருந்தால்தான் தொல்லை. வேகம் கூடும்போது தூக்கல் அளவுக்கு மீறி, இறக்கையே தண்ணீருக்கு வெளியே வந்து, ஆள் குப்புற விழுவார்.

விங் என்பது காற்றடைத்த, கையில் பிடிக்கும் இறக்கை. 72 கிலோ உள்ளவருக்கு 5 சதுர மீட்டர் அளவு வழக்கம். தண்ணீரை ஒட்டி வீசும் விட்டுவிட்டு வரும் காற்றில்தான் அது வேலை செய்யும். திரும்பும்போது சில விநாடிகள் இழுவையே இருக்காது. அந்த நேரத்தில் நம்மைத் தாங்குவது முன் இறக்கை மட்டும்தான். எனவே அது குறைந்த வேகத்திலேயே தூக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு

வேகம் இரண்டு மடங்கானால் தூக்கும் விசை நான்கு மடங்காகும். 1,600 சதுர செ.மீ. இறக்கை மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் ஒருவரைத் தூக்குகிறது என்று வையுங்கள். அதே வடிவத்தில், அதே கோணத்தில், 30 கி.மீ. வேகத்துக்கு 400 போதும். 550 இறக்கை என்றால் 25 கி.மீ.-க்கு மேல் வேண்டும்.

பலகை தண்ணீரை உரசிக்கொண்டு போகும்போது, கைவிங்கை மட்டும் வைத்துப் புதியவர் அந்த வேகத்தை எட்டுவது நடக்காத காரியம்.

இன்ஸ்டாகிராமில் பார்க்கும் மெல்லிய இறக்கைகள் வேறு ரகம். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் கைட் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. மார்செய் கடலில் நடந்த அதில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடர் 17 வயதில் வெண்கலம் வென்றார். ஆகஸ்ட் 9, சிங்கப்பூரின் தேசிய நாளன்று! இத்தகைய பந்தயங்களில் வேகம் மணிக்கு 70 கி.மீ.-ஐ எட்டும். அந்த இறக்கைகள் அவர்களுக்கானவை.

அப்படியானால் எது?

70 முதல் 80 கிலோ உள்ளவர் விங் ஃபாயில் கற்க 1,500 முதல் 2,000 வரை பார்க்கலாம். நன்றாக ஓட்டப் பழகியபின் 1,000 முதல் 1,300-க்கு இறங்கலாம். கைட் ஃபாயில் என்றால், பந்தயம் இல்லாமல் பொழுதுபோக்காக ஓட்டுபவருக்கு 600 முதல் 1,000 வரை.

பரப்பு மட்டும் பார்த்தால் போதாது. இறக்கையின் முழு நீளத்தைச் சென்டிமீட்டரில் அளந்து, அதை அதே எண்ணால் பெருக்கி, பரப்பால் வகுங்கள். 100 செ.மீ. நீளம், 1,600 பரப்பு என்றால் 6.25 வரும். 5 முதல் 7 வரை உள்ளது தப்பைப் பொறுக்கும், எளிதாகத் திரும்பும். 10-ஐத் தாண்டினால் நீளமான ஒல்லி இறக்கை. காற்று இல்லாதபோதும் வெகுதூரம் சறுக்கும். ஆனால் வேகம் குறைந்தால் திடீரென்று கைவிடும். பருந்துக்கும் குருவிக்கும் உள்ள வித்தியாசம்தான்.

"இறக்கையை மட்டும் மாற்றிக்கொள்ளலாமே?" என்று தோன்றும். ஒரு கம்பெனி இறக்கை பெரும்பாலும் இன்னொரு கம்பெனி அமைப்பில் பொருந்தாது. தவிர, கைட் ஃபாயில் பலகை மெலிதானது, மேலே ஆள் நின்றால் மூழ்கும். விங் ஃபாயில் கற்க, நம் எடையைவிட 30, 40 லிட்டர் கூடுதல் கொள்ளளவுள்ள பலகை வேண்டும். இந்தத் தம்பிக்கு 100 முதல் 110 லிட்டர்.

நம்ம கடலுக்கு ஏற்றதா?

ராமேஸ்வரத்தை ஒட்டிய பாக் நீரிணை கரையோரத்தில் வெகுதூரம் ஆழம் குறைவு. பந்தய ஃபாயிலின் கம்பம் ஒரு மீட்டர் அளவு நீளமானது. தரையில் இடித்தால் ஆள் பறந்து விழுவார். கற்பவருக்கு 75 செ.மீ. கம்பம் வசதி. கடற்புல் நிறைந்த பகுதி இது. புல் இறக்கையில் சுற்றிக்கொண்டால் தூக்கும் விசை போய்விடும். நுனி பின்னோக்கி வளைந்த இறக்கையில் புல் வழுக்கிப் போக வாய்ப்பு அதிகம். மீனவர்களின் வலை எங்கே கிடக்கிறது என்று அவர்களிடமே கேட்டுக்கொண்டு இறங்குங்கள். வலை கிழிந்தால் அவர்கள் பிழைப்பு போகும், நமக்கும் ஆபத்து.

பக்கத்தில்தானே இருக்கிறது என்று கெலவரப்பள்ளி அணையில் இறங்கிப் பார்க்க வேண்டாம். நுரை பொங்குவதாக அடிக்கடி செய்தியில் அடிபடும் தண்ணீர் அது. அனுமதியின்றி எந்த அணையிலும் இறங்கக் கூடாது.

பழையது வாங்கினால்...

இந்த இடத்தில் ஓசூர்க்காரர்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. அலுமினியக் கம்பத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட் உப்புநீரில் கிடந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும். விற்பவர் முன்னாலேயே எல்லா போல்ட்டையும் கழற்றிப் பாருங்கள். மரை தேய்ந்திருக்கிறதா, இணைப்பில் ஆட்டம் இருக்கிறதா, கார்பன் இறக்கையின் விளிம்பில் விரிசல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். ஒவ்வொரு முறை கடலில் இறங்கியபின்னும் நல்ல தண்ணீரில் கழுவி, போல்ட்டுக்குக் கிரீஸ் தடவி வையுங்கள்.

வீட்டில் பெரியவர்கள் "கத்தி மாதிரி இருக்கே!" என்று பயப்படுவார்கள். நியாயமான பயம்தான். ஹெல்மெட், மார்புக் கவசம், பலகையைக் காலிலோ இடுப்பிலோ கட்டும் கயிறு மூன்றும் கட்டாயம். விழும்போது பலகையைவிட்டு விலகி விழப் பழக வேண்டும்.

தம்பி, அடுத்த விடுமுறைக்குக் காற்றுக் காலத்தில் போங்கள். பயிற்சிப் பள்ளியில் பெரிய இறக்கையை வாடகைக்கு எடுத்து இரண்டு, மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். எந்த அளவில் நீங்கள் எழும்புகிறீர்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூர்க்காரருக்குப் பணம் அனுப்புவதா வேண்டாமா என்பதை அதன்பிறகு முடிவு செய்யுங்கள்.