நிரூபிப்பது யார் பாடு?
பிள்ளைகளை முன்பெட்டியில் உட்கார வைத்துப் பெற்றோர் மிதிக்கிற பாபோ நிறுவன சைக்கிள்களின் ஃபிரேம் முறிந்த கதை தெரிந்ததுதான். 2024 பிப்ரவரியில் நெதர்லாந்து விற்பனையை நிறுத்த, ஜெர்மனியிலும் வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். இவ்வளவு கூச்சல் எழாமல், யாரோ ஒருவருடைய ஃபிரேம் மட்டும் விரிசல் விட்டால்? நம்மூரில் இரும்பு வண்டியை வெல்டிங் பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு போவோம். அலுமினியத்தில் பற்றவைத்தால் சூட்டில் பக்கத்துக் குழாயின் பலமே போய்விடும், கார்பன் பற்றிப் பேச்சே வேண்டாம். அப்போது யார் பொறுப்பு? ஜெர்மன் சட்டப்படி இரண்டு ஆண்டுக்கு விற்ற கடைக்காரர்தான் பொறுப்பு. முதல் ஆண்டுக்குள் உடைந்தால் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்வார்கள்; இல்லையென்று காட்டுவது கடைக்காரர் வேலை. 2022க்கு முன் இந்தச் சலுகை ஆறே மாதம். உற்பத்தியாளர் பெருமையாக அச்சடிக்கும் பல்லாண்டு உத்தரவாதம் வேறு கணக்கு. அதன் நிபந்தனைகளை எழுதுவதும் அவரே, பல சமயம் முதல் உரிமையாளருக்கு மட்டும். நான் மதிப்பது அந்தப் பன்னிரண்டு மாதத்தைத்தான். நம் நாட்டில் குறையைக் கண்டறிய வேண்டியிருந்தால் நுகர்வோர் ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பும். ஆனால் அதற்கான கட்டணத்தைப் புகார் கொடுத்தவரையே முதலில் கட்டச் சொல்லலாம்.