மோசம் என்று எழுதாமலே மறுக்கலாம்

திரேஸ்புரம் கடற்கரையில், நாட்டுப்படகுகள் ஏற்றி வைத்திருக்கும் மணலில் உட்கார்ந்துதான் சித்தப்பா அந்தக் காகிதங்களைக் காட்டினார். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் குரூப் ஏ அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் பட்டியல் சாதிக் குடும்பத்தில் அந்த நிலைக்குப் போன முதல் ஆள். அடுத்த படிக்கான பதவி உயர்வுப் பட்டியலில் இரண்டு முறை அவர் பெயர் வரவில்லை. பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போனார்கள். காரணம் யாரும் சொல்லவில்லை. ஓய்வுக்கு முன் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கிய ஐந்தாண்டு மந்தண அறிக்கைகள்தான் அவை. இரண்டு ஆண்டுகளுக்கு ‘குட்’ என்று போட்டிருந்தது. அந்தப் பதவிக்குத் தேவைப்பட்டது ‘வெரி குட்’.

“மோசம்னு எழுதியிருந்தா அன்னைக்கே கையில தந்திருப்பான், நானும் சண்ட போட்டிருப்பேன். நல்லா வேல பாக்கான்னு எழுதியே முடிச்சிட்டானுவ” என்றார்.

அவர் சொன்னது விதிப்படியே சரி. அறிக்கையில் பாதகமான குறிப்பு இருந்தால் மட்டுமே ஊழியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பதுதான் அன்றைய நடைமுறை. ‘குட்’ என்பது பாதகம் ஆகாது. ஆகவே தெரிவிக்கவும் வேண்டாம். பதவி உயர்வையும் மறுக்கலாம். எல்லைச் சாலை அமைப்பில் பொறியாளராக இருந்த தேவ் தத்தின் வழக்கு இதே கதைதான். 1993-94க்கான ஒரே ஒரு ‘குட்’ அவரை நிறுத்தியது. எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் தீர்ப்பளித்தது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அந்த வழக்கு சாதி பற்றியது அல்ல. ஆனால் சாதி நுழைய இதைவிட வசதியான வாசல் வேறில்லை.

2009 முதல் முழு அறிக்கையும் ஊழியர் கைக்கு வருகிறது. 15 நாளுக்குள் முறையிடலாம். மதிப்பெண் 10-க்குக் கணக்கிடப்படுகிறது. 6-க்குக் குறைந்தால் ‘குட்’, 6 தொட்டால் ‘வெரி குட்’. அதாவது 0.1-ல் ஒரு வாழ்க்கை நிற்கும். அதில் 30 விழுக்காடு ‘தனிப்பட்ட பண்புகளுக்கு’. அந்தத் தலைப்பின் கீழ் ஒட்டுமொத்தத் தோற்றப் பாங்கும் ஆளுமையும்கூட மதிப்பிடப்படுகின்றன. யாருடைய நடை, யாருடைய பேச்சு, யாருடைய ஆங்கிலம் இங்கே அளவுகோல் என்று நாம் கேட்க வேண்டாமா? தலைநிமிர்ந்து பேசும் தலித் அதிகாரி ‘திமிர் பிடித்தவர்’ ஆவதும், அதே பேச்சு இன்னொருவரிடம் ‘தலைமைப் பண்பு’ ஆவதும் இந்தப் பத்தியில்தான்.

இடஒதுக்கீடுதான் இருக்கிறதே என்பார்கள். 1995-ல் 77ஆவது திருத்தம் அரசமைப்பில் 16(4அ) பிரிவைச் சேர்த்து, பட்டியல் சாதி, பழங்குடியினருக்குப் பதவி உயர்விலும் இடஒதுக்கீட்டுக்கு வழி செய்தது உண்மை. ஆனால் மத்திய அரசுப் பணியில், தேர்வு முறையில் நடக்கும் பதவி உயர்வுகளில் அது குரூப் ஏ-வின் முதல் படியோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேலே, முடிவுகள் எடுக்கப்படும் இடங்களில், இந்த மதிப்பெண்தான் வடிகட்டி.

2006-ல் நாகராஜ் வழக்கில், பதவி உயர்வில் இடஒதுக்கீடு தர வேண்டுமானால் பிரதிநிதித்துவம் போதவில்லை என்பதற்கு அரசு புள்ளிவிவரம் காட்ட வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். நிர்வாகத் திறனும் கெடக்கூடாது என்றது. சரி, உள்ளே விடுவதற்குக் கணக்குக் கேட்கிறீர்கள். வெளியே நிறுத்துகிறவரிடம் யார் கணக்குக் கேட்பது?

முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் எங்கள் கரையில் முத்துகளை அளவு பிரிக்கப் பத்துப் பித்தளைச் சல்லடைகள் இருந்தன. முதல் சல்லடையில் 20 துளை, கடைசியில் 1000. மூச்சடக்கி முத்தெடுத்தவருக்கு அந்தச் சந்தையில் நியாயம் கிடைத்தது என்று சொல்ல வரவில்லை. ஆனால் துளையை யாரும் எண்ணிப் பார்க்கலாம். அரசுப் பணியின் சல்லடையில் அதுகூட இல்லை.

நாம் கேட்க வேண்டியது மூன்று. பதவி உயர்வுக்குரிய தரத்துக்குக் கீழே மதிப்பிட்டால், எந்த வேலையில் என்ன குறை என்று சம்பவத்தோடு எழுத வேண்டும். முறையீட்டை அந்த அலுவலகத்துக்கு வெளியே இருப்பவர் விசாரிக்க வேண்டும். ஒவ்வொரு பதவி உயர்வின்போதும் பரிசீலிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், தேர்வானவர்கள் எத்தனை பேர் என்பதைச் சமூகப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும். பத்தாண்டுக் கணக்கை அடுக்கி வைத்தால், நீதிமன்றம் கேட்கும் புள்ளிவிவரம் தானாக வந்துவிடும்.

சித்தப்பா காகிதங்களை மடித்துப் பையில் வைத்தார். அவருக்கு இனி எந்தப் பதவியும் இல்லை. “ஒன் ஆராய்ச்சிக்கு வச்சுக்க” என்று பையை என்னிடம் கொடுத்துவிட்டார். வேலைக்குச் சேர்ந்திருக்கும் தோழர்களுக்கு ஒரு சொல்: உங்கள் அறிக்கையை ஒவ்வோர் ஆண்டும் வாங்கிப் படியுங்கள். ‘குட்’ என்றிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். அந்த 15 நாளுக்குள் எழுதிக் கேளுங்கள்.