நெட் வரலையா? கேபிள் அண்ணனுக்கு போன் போட்டால் மட்டும் போதாது... ஏன்?

காலை 9.25 மணி. 9.30-க்கு பெங்களூரு அலுவலகத்துடன் மீட்டிங். லேப்டாப்பில் வைஃபை குறி முழுசாக இருக்கிறது, ஆனால் எதுவுமே திறக்கவில்லை. ரவுட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டாச்சு. இரண்டாவது முறையும் போட்டாச்சு. அடுத்து செல்போனை எடுக்க வேண்டியதுதான்.

"அண்ணே, நெட் போச்சு. கொஞ்சம் வந்து பாருங்களேன்."

"பாத்துட்டு வாரேன் தம்பி."

ராஜபாளையத்திலும், அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியுள்ள ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்குப் பழக்கமான காலை இது. கொரோனா ஊரடங்கில் சொந்த ஊருக்கு வந்து, அப்படியே இங்கேயே தங்கிவிட்டவர்களும் இதில் உண்டு. அவர்களுக்கு நெட் என்பது பொழுதுபோக்கு இல்லை, சம்பளம்.

லைன் பார்க்கும் அண்ணனின் செல்போன் எண்தான் இந்த ஊர்களில் பெரும்பாலும் கஸ்டமர் கேர். அதில் தப்பில்லை. பல நேரம் அந்த ஒரு போனிலேயே வேலை முடிந்துவிடும். ஆனால், பழுது அடிக்கடி வந்தாலோ நாள்கணக்கில் நீண்டாலோ இரண்டு கேள்விகள் எழும். பழுது எங்கே இருக்கிறது? அது எங்கே எழுதப்பட்டிருக்கிறது? முதல் கேள்விக்குப் பதில் ரவுட்டரில் இருக்கிறது. இரண்டாவதுக்குப் பதில் பெரும்பாலும் யாரிடமும் இல்லை.

முதலில் விளக்கைப் பாருங்கள்

இப்போது பெரும்பாலான வீடுகளுக்கு வருவது ஃபைபர் இணைப்பு. தலைமுடி அளவே உள்ள கண்ணாடி இழை வழியாக ஒளி வருகிறது. வீட்டில் இருக்கும் பெட்டி அதை டேட்டாவாக மாற்றுகிறது. அந்தப் பெட்டியின் முகப்பில் இருக்கும் சின்ன விளக்குகளைப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும்.

எந்த விளக்கும் எரியவில்லை என்றால் அடாப்டரையும் பிளக் பாயிண்டையும் பாருங்கள். வேறு அடாப்டர் மாட்டுவதாக இருந்தால், அதில் எழுதியிருக்கும் வோல்ட் அளவு பழையதோடு ஒத்துப்போக வேண்டும். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட்.

'எல்ஓஎஸ்' என்ற விளக்கு சிவப்பாக எரிந்தாலோ மினுக்கினாலோ, வெளியிலிருந்து ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இந்த நிலையில் ரவுட்டரைப் பத்து முறை அணைத்துப் போட்டாலும் பயன் இல்லை. பெட்டியின் பின்னால் பச்சை நிற முனையுடன் வரும் மெல்லிய வயர் சரியாகச் செருகியிருக்கிறதா, சோபாவுக்கோ பீரோவுக்கோ பின்னால் மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். கண்ணாடி இழையைக் கூர்மையாக மடக்கினால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஒன்று கவனம்: அந்த முனையைக் கழற்றி உள்ளே உற்றுப் பார்க்கக் கூடாது. அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

'எல்ஓஎஸ்' அணைந்திருக்கிறது, 'பான்' விளக்கு பச்சையாக நிற்கிறது, ஆனால் 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் சிவப்பாகவோ எரியாமலோ இருக்கிறது. அப்படியென்றால் வயர் நன்றாக இருக்கிறது, லாகின் அல்லது கணக்கில்தான் சிக்கல். ரீசார்ஜ் முடிந்துவிட்டதா, பில் பாக்கி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் நிறுவனத்தின் பக்கம்தான் சரிசெய்ய வேண்டும்.

எல்லா விளக்கும் பச்சை, ஆனாலும் போனில் நெட் இல்லையா? பிரச்சினை வீட்டுக்குள்தான் இருக்கக் கூடும். லேன் கேபிள் ஒன்றை ரவுட்டரிலிருந்து நேரடியாக லேப்டாப்பில் செருகிப் பாருங்கள். கேபிளில் வருகிறது, வைஃபையில் வரவில்லை என்றால் லைன் மீது பழி போட வேண்டியதில்லை. 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை வேகமானது, ஆனால் கான்கிரீட் சுவரைத் தாண்டுவதில் 2.4 கிகாஹெர்ட்ஸைவிடப் பலவீனமானது. கீழ்த்தள ஹாலில் ரவுட்டரும் மாடி அறையில் மீட்டிங்கும் என்றால் சிக்கல் வரத்தான் செய்யும்.

ரீசெட் பட்டனை ஏன் அழுத்தக் கூடாது?

அவசரத்தில் பலர் செய்யும் தவறு இது. ரவுட்டரின் பின்னால் குண்டூசியால் அழுத்தும் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும். அது ரீஸ்டார்ட் பட்டன் அல்ல. சில நொடிகள் அழுத்திப் பிடித்தால், நிறுவனம் போட்டுக்கொடுத்த யூசர்நேம், பாஸ்வேர்டு உட்பட எல்லா அமைப்புகளும் அழிந்துவிடலாம். அரை மணி நேரத்தில் தானாகவே திரும்பியிருக்க வேண்டிய நெட், அதன்பிறகு ஆள் வந்து போட்டுக்கொடுக்கும் வரை வராது.

ரீஸ்டார்ட் செய்ய வேண்டுமா? சுவிட்சை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, மறுபடி போடுங்கள். அதுவே போதும்.

கரண்ட் போனால் நெட்டும் போவது ஏன்?

பழைய லேண்ட்லைன் போன், வீட்டில் கரண்ட் இல்லாதபோதும் வேலை செய்தது. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் செம்புக் கம்பியிலேயே 48 வோல்ட் மின்சாரமும் வந்ததுதான் காரணம். கண்ணாடி இழையில் மின்சாரம் வராது. அதனால் வீட்டுப் பெட்டிக்குத் தனியாக கரண்ட் வேண்டும். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையில் மின்தடை என்று அறிவிப்பு வந்தால், அன்றைக்கு ரவுட்டருக்கென்றே விற்கும் மினி யுபிஎஸ் கைகொடுக்கும்.

ஆனால் அதிலும் ஒரு எல்லை உண்டு. மறுமுனையில், ஆபரேட்டரின் இடத்தில் அல்லது தொலைபேசி நிலையத்தில் இருக்கும் கருவிக்கும் கரண்ட் வேண்டும். அங்கே பேட்டரி தீர்ந்தால் உங்கள் வீட்டில் யுபிஎஸ் ஓடினாலும் 'எல்ஓஎஸ்' சிவப்பாகிவிடும். மின்தடை நாள்களில் எத்தனை மணி நேரத்தில் நெட் போகிறது என்று கவனித்தால், குறை யார் பக்கம் என்று ஓரளவு தெரிந்துவிடும்.

லைன்மேனிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

"அண்ணே, பவர் எவ்வளவு காட்டுது?"

இது கரண்டைப் பற்றிய கேள்வி இல்லை, வீட்டுக்கு வந்து சேரும் ஒளியின் அளவைப் பற்றியது. அதை மைனஸ் எண்ணாக, 'டிபிஎம்' என்ற அலகில் சொல்வார்கள். மைனஸ் 20-ஐ ஒட்டி இருந்தால் நல்ல நிலை. மைனஸ் 27-ஐ நெருங்கினால் இணைப்பு விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம். 3 டிபி குறைந்தால் வரும் ஒளி பாதியாகிவிட்டது என்று கணக்கு.

காலையில் இருக்கிறது, மழை பெய்தால் போகிறது, காற்றடித்தால் விட்டுவிட்டு வருகிறது என்ற புகார்களில் இந்த எண்ணுக்கு முக்கிய இடம் உண்டு. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடி இழை கரைந்துவிடாது. கம்பத்தில் தொங்கும் இணைப்புப் பெட்டிக்குள் தண்ணீர் இறங்குவது, மரக்கிளை உரசி வயர் இழுபடுவது, பழைய ஒட்டு தளர்வது போன்றவைதான் ஒளியைக் குறைக்கின்றன. புது இணைப்பு கொடுத்த அன்று என்ன எண், இன்று என்ன எண் என்று போனில் குறித்து வைத்திருந்தால், "எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்ற பதிலோடு பேச்சு முடியாது. பல ரவுட்டர்களில், பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டு உள்ளே போனால் நீங்களே இந்த எண்ணைப் பார்க்கலாம்.

தோண்டும் ஊர், அறுபடும் வயர்

ராஜபாளையம்வாசிகளுக்குச் சாலைப் பள்ளம் புதிதல்ல. பாதாளச் சாக்கடை, தாமிரபரணி கூட்டுக் குடிநீர்த் திட்டம், சத்திரப்பட்டி சாலை ரயில்வே மேம்பாலம் என ஒன்றன்பின் ஒன்றாக வேலைகளைப் பார்த்த ஊர் இது. திட்டங்கள் ஊருக்குத் தேவையானவைதான். ஆனால் ஜேசிபி இறங்கும் இடத்திலெல்லாம் கீழே கிடக்கும் ஃபைபருக்கு ஆபத்து உண்டு.

இது நாடு முழுக்க உள்ள பிரச்சினை. ஒருங்கிணைப்பு இல்லாமல் தோண்டுவதால் ஆண்டுக்குச் சுமார் 3,000 கோடி ரூபாய் இழப்பு என்று மத்திய அரசே சொல்லியிருக்கிறது. அதற்காகவே 2023 மார்ச் 22-ல் 'கால் பிஃபோர் யூ டிக்' என்ற செயலியைப் பிரதமர் தொடங்கி வைத்தார். தோண்டப்போகிறவர் முன்கூட்டியே தகவல் தந்தால், அங்கே கேபிள், குழாய் வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் செய்தி போகும். செயலி இருந்தால் மட்டும் போதாது, உள்ளூரில் தோண்டும் ஒவ்வொரு ஒப்பந்ததாரரும் அதைப் பயன்படுத்துகிறாரா என்று நகராட்சி கேட்க வேண்டும்.

எழுதப்படாத புகார், நடக்காத பழுது

2024 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த டிராய் சேவைத் தர விதிமுறைகளின்படி, வீட்டு இணைப்பில் ஏற்பட்ட பழுது 3 நாள்களுக்கு மேல் சரிசெய்யப்படாமல் நீண்டால் நிறுவனம் வாடிக்கையாளருக்கு ஈடு தர வேண்டும். போஸ்ட்பெய்டு, ப்ரீபெய்டு இருவருக்கும் இது உண்டு.

ஆனால், பழுது எந்த நாளில் தொடங்கியது என்பதற்கு என்ன ஆதாரம்? கேபிள் அண்ணனுக்குப் போட்ட போன் உங்கள் கால் ஹிஸ்டரியில் இருக்கும், நிறுவனத்தின் கணினியில் இருக்காது. நிறுவனத்தைப் பொறுத்தவரை அன்று உங்கள் வீட்டில் பழுதே நடக்கவில்லை. ஒரே தெருவில் பத்து வீட்டுக்காரர்கள் ஆளுக்கு ஐந்து முறை போன் போட்டு, பழுது சரியாகியிருக்கலாம். கணக்கில் அந்தத் தெரு குறையே இல்லாத தெரு. அப்புறம் அந்தத் தெருவுக்குப் புது கேபிள் இழுக்க யார் பணம் ஒதுக்குவார்கள்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மழை நாளில் ஒரே லைன்மேனுக்கு ஐம்பது போன் வந்தால் யார் வீட்டுக்கு முதலில் போவார்? பழகியவர்கள் வீட்டுக்குத்தான். ஊருக்குப் புதிதாக வந்து வாடகை வீட்டில் தங்கியிருக்கும் ஆசிரியைக்கும், ஆன்லைன் தேர்வு எழுதும் மாணவருக்கும் அந்தப் பழக்கம் இல்லை. அவர்களுக்கு இருக்கும் ஒரே வரிசை, புகார் எண் வரிசைதான்.

"லைன்மேன் அண்ணனைப் பகைச்சுக்கிட்டா நாளைக்கு யார் வருவா?" என்ற தயக்கம் நியாயமானது. சின்ன ஊரில் தினமும் முகம் பார்க்க வேண்டியவர்கள். அதனால் அவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்: "உங்க மேல புகார் இல்லண்ணே. ஆபிஸ்ல ஒரு நம்பர் மட்டும் போட்டு வச்சுக்கிறேன்." பழைய கேபிளை வைத்துக்கொண்டு அல்லாடும் அவருக்கும், மேலிடத்தில் புதுக் கேபிள் கேட்க அந்த நம்பர் உதவலாம்.

புகார் எண் வாங்கிய பிறகு?

பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அந்த நிறுவனத்தின் கஸ்டமர் கேர் அல்லது செயலியில் புகார் பதிவு செய்யுங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் எண்ணை அழிக்காதீர்கள். சிவப்பு விளக்கை ஒரு போட்டோ எடுத்து வைப்பது நல்லது.

குறித்த காலத்துக்குள் சரியாகவில்லை என்றால் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் கட்டணமின்றி முறையிடலாம். 2012-ம் ஆண்டு விதிகளின்படி 39 நாள்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். டிராய் தனிநபர் புகார்களை நேரடியாக விசாரிப்பதில்லை. அதற்கு மேல் போக, மத்திய அரசின் பொதுக் குறைதீர் இணையதளமும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கின்றன.

அதற்கும் பிறகு நுகர்வோர் ஆணையம். தொலைத்தொடர்புப் புகார்களை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்திவிட்டது. செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணம் கிடையாது. விருதுநகர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருப்பதும் ஸ்ரீவில்லிபுத்தூரில்தான். ராஜபாளையத்திலிருந்து பஸ் ஏறினால் அரை மணி நேரம். அங்கே முதலில் கேட்கப்படும் கேள்வி, "எப்போது புகார் செய்தீர்கள்?" என்பதாகத்தான் இருக்கும்.

மாதம் 500, 600 ரூபாய் இணைப்புக்காக யாரும் வழக்குப் போட வேண்டும் என்பதில்லை. பெரும்பாலான பழுதுகள் அந்த அளவுக்குப் போகவும் போகாது. ஆனால் பதிவான புகார்கள் கூடும்போதுதான், எந்த ஊரில், எந்தத் தெருவில் லைன் மோசம் என்று நிறுவனத்துக்கும் அரசுக்கும் கணக்கு கிடைக்கும்.

அடுத்த முறை நெட் போனால் முதலில் விளக்கைப் பாருங்கள். பிறகு அண்ணனுக்கு போன் போடுங்கள். அவர் வந்து சேருவதற்குள் புகார் எண்ணையும் வாங்கிவிடுங்கள். இரண்டு நிமிட வேலை, மொபைல் டேட்டாவிலேயே முடியும்.