எந்த இணைப்பு நல்ல இணைப்பு?

உங்கள் வீட்டிற்கு இணைய இணைப்பு வாங்குவது பற்றிப் பெரியவர்கள் பேசிக் கொண்டிருக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். பைபர் இணைப்பு வாங்குவதா, கைபேசி ஒன்றே போதுமா என்பது பேச்சு. விளம்பரத் தாளில் '100 மெகாபிட்' என்று பெரிதாக அச்சிட்டிருக்கிறது. பக்கத்து வீட்டிலும் அதையே வாங்கியிருக்கிறார்கள். பெரும்பாலும் முடிவு அந்த இடத்திலேயே ஆகிவிடுகிறது. இது சரியல்ல என்பது என் கருத்து. மாதந்தோறும் பணம் கொடுக்கப் போகும் பொருளை அளந்து பார்த்தல்லவா வாங்க வேண்டும்? அளக்கத் தெரிந்த ஆள் உங்கள் வீட்டிலேயே இருக்கிறார். அது நீங்கள்தான்!

முதலில் அந்த எண்ணைப் பார்ப்போம். இணைப்பின் வேகத்தைப் பிட்டில் சொல்கிறார்கள். கோப்பின் அளவைப் பைட்டில் சொல்கிறார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். ஆகவே வினாடிக்கு 100 மெகாபிட் என்பது 12.5 மெகாபைட்தான். 750 மெகாபைட் அளவுள்ள படம் ஒன்று வந்து சேர, எல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு நிமிடம் ஆகும்.

அவ்வளவு வேகம் உங்களுக்குத் தேவையா? தெளிவான ஒளிப்படக் காட்சி ஒன்றிற்கு வினாடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட் போதும். நான்கு பேர் ஒரே நேரத்தில் தனித்தனியாகப் பார்த்தாலும் 20தான். மூன்று பேர் உள்ள வீட்டில் பத்துப் படி அரிசி வடிப்பானேன்?

விளம்பரத்தில் எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய எழுத்தில் 'வரை' என்றொரு சொல் இருக்கும். எனக்கு எண்ணைவிட அந்தச் சொல்லே முக்கியமாகப் படுகிறது. காரணம் என்ன?

கைபேசி, ரேடியோ அலைகளால் டவருடன் பேசுகிறது. அந்த டவரின் எல்லைக்குள் இருக்கும் எல்லோரும் அதே அலைகளைத்தான் பங்கிட்டுக் கொள்கிறார்கள். தெருக் குழாயில் ஒரு குடம் இருந்தால் சீக்கிரம் நிறையும். ஐம்பது குடம் வரிசையில் நின்றால்? இரவு ஒன்பது மணிக்கு டவரின் நிலை அதுதான். சுவரும் ஒரு தடை. நம் நாட்டில் 5ஜி சேவைக்கு 700 மெகாஹெர்ட்ஸ், 3500 மெகாஹெர்ட்ஸ் ஆகிய அலைகள் பயன்படுகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்துப் பாருங்கள். முதலாவதன் அலைநீளம் சுமார் 43 சென்டிமீட்டர். இரண்டாவது 9 சென்டிமீட்டருக்கும் குறைவு. நீண்ட அலை சுவரைத் தாண்டி எளிதில் உள்ளே வரும். குறுகிய அலை திணறும். வாசலில் பாயும் இணைப்பு அடுக்களையில் நொண்டுவது இதனால்தான்.

பைபர் என்பது தலைமுடி போன்ற மெல்லிய கண்ணாடி இழை. பாடத்தில் படித்த முழு அக எதிரொளிப்பினால் ஒளி அதற்குள்ளேயே ஓடுகிறது. தூய கண்ணாடியில் ஒளியை வெகுதூரம் அனுப்ப முடியும் என்று 1966இல் எடுத்துக் காட்டிய சார்லஸ் காவோவுக்கு 2009இல் நோபல் பரிசு கிடைத்தது. ஓர் இழையையும் பல வீடுகள் பங்கிடுவதுண்டு. ஆனால் பங்காளிகள் குறைவு. சுவரும் மழையும் அந்த ஒளியைத் தடுப்பதில்லை. குறையும் உண்டு. மின்சாரம் நின்றால் ரூட்டரும் நின்றுவிடும். சாலை தோண்டும்போது இழை அறுபடுவதும் உண்டு.

இனி உங்கள் வேலை. ஏழு நாள் ஒரு சோதனை செய்யுங்கள். தொலைத் தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வெளியிட்ட 'மைஸ்பீடு' செயலியால் காலை 7, மாலை 5, இரவு 9 மணிக்கு வேகத்தை அளந்து நோட்டில் குறியுங்கள். படிக்கும் இடத்தில் உட்கார்ந்தே அளக்க வேண்டும். சோதனையும் டேட்டாவைத் தின்னும் என்பது நினைவிருக்கட்டும். பைபர் வாங்குவதாக இருந்தால், அதை வைத்திருக்கும் அண்டை வீட்டில் இரவு 9 மணி அளவைக் கேட்டு வாங்குங்கள். ரூட்டர் அருகில் நல்ல வேகமும் தூரத்து அறையில் குறைவும் இருந்தால், குறை வைஃபையில்தான். அதற்காக விலை கூடிய திட்டத்துக்கு மாறுவது வீண். ரூட்டரை வீட்டின் நடுவில் வைத்துப் பாருங்கள்.

நோட்டில் எதைப் பார்ப்பது? மிக உயர்ந்த எண்ணையும் அல்ல, சராசரியையும் அல்ல. மிகக் குறைந்த எண்ணைப் பாருங்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு உங்களுக்குக் கிடைக்கப் போவது அதுவாகவும் இருக்கலாம்!

பலர் ஒரே நேரத்தில் படிக்கவும் வேலை செய்யவும் உள்ள வீட்டிற்குப் பைபர் நல்லது. ஒருவரே பயன்படுத்தினால், அடிக்கடி வீடு மாறினால், கைபேசியே போதும். பைபர் வராத ஊரில், உங்கள் அறையில் எந்த சிம் நன்றாக எடுக்கிறதோ அதுவே நல்ல சிம். "நாளைக்குத் தேவைப்படுமே" என்று சிலர் சொல்வார்கள். நாளைக்குத் தேவைப்பட்டால் நாளைக்குத் திட்டத்தை உயர்த்திக் கொள்ளலாமே!

2020இல் பள்ளிகள் மூடியிருந்தபோது, சிக்னலைத் தேடி மொட்டை மாடிக்கும் மரத்தடிக்கும் போய்ப் பாடம் கேட்ட மாணவர்கள் உண்டு. அவர்களுக்கு வேண்டியிருந்தது பெரிய எண் அல்ல. அறுபடாமல் வரும் சில மெகாபிட் மட்டுமே. உங்கள் வீட்டில் அடுத்த முறை இந்தப் பேச்சு எழும்போது, விளம்பரத் தாளுக்குப் பக்கத்தில் உங்கள் நோட்டையும் வையுங்கள்.