விற்கும் விலையும் ஓடும் மதிப்பும்

இலங்கையில் ஒருவர் கார் வாங்கியதாகச் சொன்னால், அது எப்படி ஓடுகின்றது என்று கேட்பவர்கள் குறைவு. என்ன விலைக்கு எடுத்தீர்கள், இப்போது விற்றால் என்ன விலை போகும் என்பவையே முதல் இரண்டு கேள்விகள். காணிக்கும் நகைக்கும் உரிய கேள்விகள் காருக்கும் உரியவையாகிவிட்டன. இதைச் சாமர்த்தியம் என்று பலர் கருதுகின்றனர். நாட்டின் பொருளாதாரத்தைப் பீடித்த நோயின் அறிகுறி என்றே நான் கருதுகின்றேன்.

கார் என்பது தேயும் பொருள். ஓட ஓட ரயர் தேயும், எஞ்சின் தேயும், தகரம் துருப்பிடிக்கும். ஆண்டுக்காண்டு விலை இறங்குவதே அதன் இயல்பு. இங்கிலாந்திலோ கனடாவிலோ புதிய கார் வாங்குபவர், விற்பனை நிலையத்தின் வாசலைத் தாண்டும்போதே அதன் விலையில் ஒரு பகுதி போய்விடும் என்று அறிந்துதான் வாங்குகின்றார். அந்த இழப்பு அவர் செய்யும் பயணங்களுக்கான கூலி. இலங்கையிலோ ஐந்தாறு வருடங்கள் ஓடிய காரை, வாங்கிய விலையிலும் கூடுதலாக விற்றவர்கள் ஏராளம். கார் பழகப் பழக நல்லதாகிவிட்டது என்பதல்ல காரணம். ரூபாய் நலிந்தது, புதிய கார் வரும் வழியும் அடைக்கப்பட்டது.

2020 மார்ச்சில், அந்நியச் செலாவணியைக் காப்பதற்காக வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022 ஏப்ரலில் நாடு தன் வெளிநாட்டுக் கடன்களைச் செலுத்துவதை இடைநிறுத்தியது. அவ்வருடத்தின் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. தனியார் கார்களுக்கு மீண்டும் கதவு திறந்தது 2025 பெப்ரவரியில்தான், அதுவும் கடும் வரிகளோடு. இந்த ஐந்து வருடங்களில், வீட்டு முற்றத்தில் நின்ற சிறிய சுசூக்கி கூட ஒரு வைப்புக் கணக்காக மாறியது.

பணம் கரையும் காலத்தில் சேமிப்பை எதிலாவது போட்டுக் காப்பாற்றியது தவறா என்று கேட்கலாம். தனிமனிதக் கணக்கில் அது நியாயமான கேள்வி. ஆனால், காணி பெற்றோல் கேட்பதில்லை. நகைக்கு வருடாந்த வரிப்பத்திரமும் காப்புறுதியும் தேவையில்லை. அதைவிட முக்கியமானது, ஒரு வர்த்தமானி அறிவித்தலால் ஏறிய விலை இன்னொரு வர்த்தமானி அறிவித்தலால் இறங்கக் கூடும் என்பது. திறைசேரியின் பேனா முனையில் தொங்கும் சேமிப்பை நம்பி, காணியை ஈடுவைத்தும் மாதாந்த லீசிங் கட்டணத்துக்குக் கழுத்தை நீட்டியும் கார் எடுக்கும் குடும்பங்களை நினைக்கையில்தான் அச்சம் எழுகின்றது. புலம்பெயர்ந்த பிள்ளைகள் குளிரில் இரட்டை வேலை செய்து அனுப்பும் பணமும் இப்படி முற்றத்தில் நிற்பதுண்டு.

விலையே அளவுகோலாகும்போது காரைப் பார்க்கும் கண்ணும் பழுதாகின்றது. இலக்கத் தகட்டின் எழுத்துகளைக் கண்டு விலை பேசுவோர், எஞ்சின் மூடியைத் திறந்து பார்ப்பதில்லை. மீற்றரைப் பின்னோக்கித் திருப்பும் மோசடி செழிப்பதும் இதனாலேயே. ஜப்பானிலிருந்து வரும் பழைய கார்களுக்கு, ஓடிய தூரத்தையும் உடலின் நிலையையும் குறித்த ஏலத்தாள் ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கி, சரிபார்த்து, ஒரு நல்ல மெக்கானிக்கையும் அழைத்துச் சென்று காட்டுபவர் எத்தனை பேர்? வரிச்சலுகை கிடைத்த காலத்தில் ஹைபிரிட் கார்களை அள்ளி வந்தவர்களில் பலர், அவற்றின் பெரிய பற்றரிக்கு ஒரு நாள் ஆயுள் முடியும் என்பதைக் கணக்கில் எடுக்கவில்லை.

காரின் மதிப்பு எது என்பதற்கு நம்மிடமே ஒரு பாடம் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, முன்னர் வந்த ஒஸ்ரின் ஏ40களையும் மொறிஸ் மைனர்களையும் நம் கராஜ்காரர்கள் ஓட வைத்தனர். 1990இல் வடக்கில் போர் மீண்டும் மூண்டு எரிபொருள் தடை வந்தபோது யாழ்ப்பாணத்தைக் காப்பாற்றியவையும் அதே கார்கள்தாம். சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கிச் சூடேற்றி, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினர். அந்த எஞ்சின்களின் சுருக்க விகிதம் குறைவு, காபரேற்றர் எளிமையானது, ஆகவே மட்டமான எரிபொருளையும் அவை சகித்துக்கொண்டன. புகையும் நாற்றமும் கிளப்பியபடி நோயாளிகளையும் கர்ப்பிணிகளையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. அன்று அவற்றை விற்றால் என்ன போகும் என்று கேட்டிருந்தால் சிரித்திருப்பார்கள்.

2022இல் பெற்றோல் வரிசையில் நாட்கணக்காக நின்றவர்களுக்கும் இது ஓரளவு விளங்கியிருக்கும். கியூஆர் முறை தொடங்கியபோது காருக்கு வாரத்துக்கு 20 லீற்றர். இருபது இலட்சம் ரூபாய்க் காருக்கும் இரண்டு கோடி ரூபாய்க் காருக்கும் அதே அளவுதான். அந்த வாரங்களில், 20 லீற்றரில் கூடிய தூரம் ஓடிய கார் எதுவோ அதுவே மதிப்புள்ள கார்.

இன்று அந்தப் பழைய ஒஸ்ரின்களையும் மொறிஸ்களையும் தேடி வாங்குவோர் பெருகியுள்ளனர். மினுக்கித் துடைத்து, திருமணத்துக்கு வாடகைக்கு விடுவோரும் உண்டு. மகிழ்ச்சிக்குரியதே. ஆனால், கொட்டகையில் துணி போர்த்தி, அடுத்த வருடம் விலை ஏறும் என்று காத்திருப்பவரை நான் கார்ப் பிரியர் என்று சொல்லமாட்டேன். ஓடாமல் நிற்கும் காரின் ரப்பர் வெடிக்கும், பிறேக் இறுகும், பெற்றோல் தாங்கியின் அடியில் துரு படியும். காரைக் காப்பதற்கு வழி அதை ஓட்டுவதுதான்.

ஆகவே, கார் வாங்க எண்ணுவோர் தம்மையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது. ஒரு மாதத்தில் நான் உண்மையில் எவ்வளவு தூரம் ஓடுவேன்? பழுது வந்தால் என் ஊர்க் கராஜில் திருத்த முடியுமா, பாகம் கிடைக்குமா? காணியையும் நகையையும் தொடாமல் என் வருமானத்தில் இதை வைத்திருக்க முடியுமா? மூன்றுக்கும் திருப்தியான பதில் இருந்தால் வாங்குங்கள். விற்கும்போது விலை குறைந்தால் குறையட்டும். மழையில் நனையாமல் பிள்ளையைப் பாடசாலைக்கும் தாயை வைத்தியரிடமும் கொண்டுபோன கணக்கில் அதை எழுதிக்கொள்ளலாம்.